பெயரிட்டால் அறிந்துவிட்டோமா?

அமெரிக்க ஓவியர் மேட் குரோனிங், தம் தந்தை, தாய், தங்கையர் இருவர் ஆகியோரின் பெயர்களையே எடுத்தாண்டு ஒரு கேலிச்சித்திரக் குடும்பத்தைப் படைத்தார். 1987இல் சிறு துணுக்குகளாகத் தோன்றி, 1989 டிசம்பரில் தனித் தொடராக மலர்ந்த ‘சிம்ப்சன்ஸ்’ குடும்பமே அது. 1992இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், நாட்டின் குடும்பங்கள் இவர்களைப்போல் இருத்தலாகாது என்று மேடையிலேயே பேசினார். 2010இலோ வத்திக்கான் நாளேடான ‘லொசெர்வத்தோரே ரொமானோ’ இவர்களைக் கனிவோடு பாராட்டி எழுதிற்று. இத்தகைய பேறு எல்லாக் கேலிச்சித்திரங்கட்கும் வாய்ப்பதன்று.

இக்குடும்பத்தாரை உளவியல் கண்கொண்டு ஆராய்வது பலர்க்கும் விருப்பமான பொழுதுபோக்கு. நாமும் செய்து பார்க்கலாம். தந்தை ஹோமர் சிறுவயதில் தாயைப் பிரிந்தவர். தந்தையின் பாராட்டை அறியாதவர். ஆகவே உணவிலும் மதுவிலும் ஆறுதல் தேடுகிறார். தாய் மார்ஜ் தம் துயரை அடக்கியே பழகியவர். பத்து வயது பார்ட் குறும்பினால் பிறர் கவனத்தை ஈர்ப்பவன். எட்டு வயது லிசா அறிவுக்கூர்மையின் தனிமையைச் சுமப்பவள். கைக்குழந்தை மேகியோ ரப்பர் நிப்பிளைச் சப்பியபடி வாய்மூடி இருப்பவள்.

சில வரிகளில் ஐவரையும் முடித்துவிட்டோம்! இவ்வளவு எளிதாக முடிந்ததே நமக்கு ஐயத்தைத் தருகிறது.

பெயரிடுதலும் அறிதலும் ஒன்றுதானா? உளவியலை நாம் இகழவில்லை. துன்புறும் உள்ளங்கள் பலவற்றிற்கு அது மருந்தாகியுள்ளது. ஆனால் ஹோமர் சினம் மிகுந்து மகனின் கழுத்தை நெரிக்கும்போது, அவர் தாயன்பை இழந்தவர் என்னும் விளக்கம் அச்செயலின் வேரைக் காட்டுமேயன்றி அதனைச் சரியாக்காது. காரணம் வேறு, நியாயம் வேறு. காரணம் கூறியதும் குற்றம் கழிந்தது என்று எண்ணுவது பிழை. காரணம் கூறியதும் ஆளையே அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது அதனினும் பெரும்பிழை.

1990 அக்டோபரில் ஒளிபரப்பான ஒரு கதையைக் காண்போம். தேர்வுகளில் தொடர்ந்து தவறும் பார்ட்டை நான்காம் வகுப்பிலேயே மீண்டும் இருத்தலாம் என்று பள்ளி உளவியலார் பெற்றோரிடம் கூறுகிறார். ஆற்றலுக்குக் குறைவாகவே தேறுபவன், அதில் பெருமையும் கொள்பவன் என்பது அவன்மீது ஒட்டப்பட்ட சீட்டு. தேர்வுக்கு முந்திய இரவில் அச்சிறுவன் முழந்தாளிட்டு, இன்னும் ஒரே நாள் வேண்டுமென்று மன்றாடுகிறான். மறுநாள் பனி கொட்டிப் பள்ளி மூடப்படுகிறது. ஊரே பனியில் களித்திருக்க, அவன் உள்ளே அமர்ந்து படிக்கிறான். ஆயினும் ஒரே மதிப்பெண் குறைவால் தோற்கிறான். தன்னால் இயன்ற அனைத்தையும் செய்தும் தோற்றுப்போனதாக ஆசிரியைமுன் விம்மி அழுகிறான். அழுகையினூடே, 1754இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தபோது உற்ற துயரைத் தன் துயரோடு ஒப்பிடுகிறான். அவன் படித்திருப்பதை உணர்ந்த ஆசிரியை அந்த ஒரு மதிப்பெண்ணைத் தருகிறார். உளவியலார் ஒட்டிய சீட்டு முழுப்பொய்யன்று; ஆனால் அழும் அச்சிறுவன் அதனுள் இல்லை. அவனை அழவிட்டுச் செவிமடுத்தவர்க்கே அவன் தென்பட்டான்.

கேலிச்சித்திரத்திற்கு ஒரு வசதி உண்டு. பார்ட்டுக்கு 1989இலும் பத்து வயது, இன்றும் பத்து வயது. ஆகவே அவன்மீது எழுதிய தீர்ப்பு பழுதாவதே இல்லை. நம் இல்லத்துப் பிள்ளைகள் அவ்வாறு நின்றுவிடுவதில்லை. பத்து வயதில் ‘மந்தம்’ என்றோ ‘முரடு’ என்றோ சூட்டிய பெயர், அவர்களது முப்பது வயதிலும் உறவினர் வாயில் உலவுகிறது. பிள்ளை அப்பெயரை எப்போதோ கழற்றிவிட்டான், நாம்தான் விடவில்லை. இந்நாளில் மருத்துவச் சொற்களையே வசைபோல் வழங்கவும் காண்கிறோம்.

வாய்மூடி இருப்பவள் என்று நாம் எழுதிய மேகிக்கு வருவோம். மகன் தம்மை அப்பா என்னாமல் பெயர் சொல்லியே அழைப்பது ஹோமரின் நெடுநாள் மனக்குறை. 1992 டிசம்பரில் வந்த கதையில், அவர் ஓரிரவு மேகியைப் படுக்க வைக்கிறார். பேசக் கற்ற பிள்ளைகள் விரைவிலேயே எதிர்த்துப் பேசவும் கற்றுவிடுவர், நீ பேசாமலே இரு என்று சொல்லி, விளக்கை அணைத்துச் செல்கிறார். இருளில் குழந்தை நிப்பிளை எடுத்துவிட்டு, முதன்முறையாக ‘அப்பா’ என்கிறது. கேட்பதற்கு அங்கு எவரும் இல்லை.