சுங்கமும் அன்பளிப்பும்

கடல் கடந்து ஊர் திரும்பும் பயணியொருவர் தம் பொதியினுள்ளே ஒரு பெட்டி இனிப்புப் பண்டம் வைத்திருக்கிறார். அது விற்பனைக்கென வாங்கப்பட்டதன்று. பேரப்பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் பகிர்ந்தளித்தற்கென அன்போடு வாங்கப்பட்டது. சுங்க மேசையின் முன்னே நிற்கும் அவரை நோக்கி, "உணவுப் பொருள் ஏதும் உண்டோ?" என்று அதிகாரி வினவுகிறார். "இல்லை" என்ற ஒரு சொல்லோடு விடயம் முடிந்துவிடும். அச்சொல் பொய்யேயாயினும், அதனால் எவருக்கு என்ன தீங்கு நேர்ந்துவிடப் போகிறது? அரசின் திறைசேரி ஒரு பெட்டி அல்வாவினால் வறிதாகிவிடுமோ? இவ்வாறு எண்ணாத பயணி அரியர். வினா சிறிது எனினும், அரசுக்கும் குடிக்கும் இடையே நிலவவேண்டிய நம்பிக்கை யாது என்னும் பெரு வினா அதனுள்ளே அடங்கியிருத்தலின், அதனை ஆராய்தல் பயனுடையதாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஊர்காவற்றுறையினும் பொருத்தமான களம் வேறில்லை எனலாம். அப்பெயரின் தோற்றம் எதுவாயினும், அதனுள்ளே காவல், துறை என்னும் இரு சொற்கள் அருகருகே நிற்பதைக் காண்கிறோம். துறை என்பது வருவோரை ஏற்கத் திறந்திருப்பது; காவல் என்பது வருவோரை நிறுத்தி வினவுவது. பழங்காலத்தில் ஊராத்துறை என வழங்கிய இத்துறைமுகத்தினூடாக யானைகள் ஏற்றப்பட்டமையால், போர்த்துக்கேயர் இதனை யானைத் துறை எனத் தம் மொழியில் அழைத்தனர். துறை எனப் பொருள்படும் அவர்தம் சொல்லே பின்னர் 'கயிற்ஸ்' எனத் திரிந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டை, இந்நீர்வழியிற் சென்ற கலங்கள் காவலுக்கு உட்பட்டே சென்றன என்பதற்கு இன்றும் சான்றாகவுள்ளது.

இத்துறைபற்றிய மிகப் பழைய சட்டமொன்று கல்லிலே பொறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்துள்ளது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிற் காணப்படும் அத்தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அதனை வாசித்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அவ்வாணை கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால், காற்பங்கு அரச பண்டாரத்துக்கு எடுக்கப்பட்டு முக்காற்பங்கு உரியவனுக்கு விடப்படும். ஏனைய வணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தாலோ பாதி அரசனுக்கு, பாதி உரியவனுக்கு.

இவ்வாணையை ஊன்றி நோக்குவோர் இரண்டு உண்மைகளை உணர்வர். முதலாவது, எல்லையைக் கடக்கும் எல்லாப் பொருளையும் அரசு ஒரே கண்ணாற் பார்ப்பதில்லை என்பது. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவையாதலின் அவற்றுக்குச் சலுகை மிகுதி. இரண்டாவது, பொருளை வரையறுக்கும் அதே ஆணை, பொருள்கொண்டு வரும் மனிதனைக் காக்கும் கடமையையும் அரசின்மேற் சுமத்துகின்றது என்பது. உரிமையும் கடமையும் அங்கே ஒரே கல்லில் நிற்கின்றன. இவ்விரண்டாம் உண்மையைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

சுங்கம் என்பது தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவர் அரசனின் பொருள்வருவாய்களுள் ஒன்றாக உல்கினை எண்ணுகிறார். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர் ஓய்வறியாது உழைத்து, கடலினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று கடலுக்கும் செல்லும் பொதிகளிற் புலி முத்திரை பொறித்த காட்சியை உருத்திரங்கண்ணனார் பெருமிதத்தோடு காட்டுகிறார். மறுபுறத்தே, முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கியமைக்காகச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழப்பட்டான். சுங்கத்தைச் செவ்வனே கொள்வதும் புகழ், அதனை நீக்குவதும் புகழ் என்ற இந்நிலை முரண்போலத் தோன்றும். ஆயின், குடிகளின் நன்மைக்கு உதவுகின்றதா என்பதைக்கொண்டே சுங்கம் மதிப்பிடப்பட்டது எனக்கொள்ளின் முரண் நீங்கிவிடும்.

இனி, பொய்யின் நியாயத்துக்கு வருவோம். ஜேர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட், எல்லோர்க்கும் பொதுவிதியாக விரும்பத்தகாத எச்செயலும் அறமாகாது என்றும், எந்நிலையிலும் பொய் தகாது என்றும் வாதிட்டார். வள்ளுவரின் வாய்மை அதிகாரமோ அத்துணை இறுக்கமானதன்று. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை எனக்கொண்டு, குற்றம் ஒரு சிறிதும் கலவாத நன்மையைத் தருமாயிற் பொய்க்கும் வாய்மையின் இருக்கையிலே ஓர் இடம் தருகிறார் அவர். நம் பயணி இரண்டாமவரின் துணையையே நாடுவார். ஆயினும் வள்ளுவர் தரும் இடம் எளிதிற் கிடைப்பதன்று. நன்மை விளைந்தாற் போதாது. அந்நன்மை குற்றமற்றதாயும் இருத்தல் வேண்டும். ஆகவே, சுங்க மேசையிற் கூறப்படும் பொய்யினால் அங்கே காணப்படாத மூன்றாமவர் எவரேனும் துன்புறுகின்றனரா என்பதே நாம் ஆராயவேண்டியது.

முதலில், தொலைவில் உள்ள ஒரு மூன்றாமவரைக் காண்போம். ஈழத்தமிழர் பலர் வாழும் அவுஸ்திரேலியாவில், உணவுப் பொருள் அனைத்தையும் பயணிகள் வெளிப்படுத்தவேண்டும் என்பது விதி. கோமாரி நோயுள்ள நாடுகளிலிருந்து வரும் பால் கலந்த இனிப்புகள் அங்கே பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை. 1872 இன் பின்னர் அந்நோய் அந்நாட்டிற் காணப்பட்டதில்லை. அதன் கிருமியோ பாற்பொருள்களிலே தங்கி வாழவல்லது. வெளிப்படுத்தியவர் பண்டத்தை இழக்கக்கூடும். மறைத்தவரே தண்டத்துக்கு உள்ளாவார். பால்கோவாப் பெட்டியை மறைத்துச் செல்லும் பாட்டியின் உள்ளத்தில் அன்பன்றி வேறில்லை. ஆயினும் அவர் அறியாத ஒரு மேய்ச்சல் நிலத்திலே நிற்கும் பசுவும், அப்பசுவை நம்பி வாழும் குடும்பமும் அவ்விதியினாற் காக்கப்படுகின்றனர். அன்பு மெய்யேயெனினும் அறியாமை தீங்கைத் தடுப்பதில்லை.

இரண்டாவது மூன்றாமவர் நம் முற்றத்திலேயே உள்ளார். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கு நீண்ட வரிசைகள் நின்றன, சீனி அருமையாயிற்று, பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகிய வீடுகள் பல. அதே காலத்தில், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமையால் யாழ்ப்பாணத்து விவசாயி நல்விலை பெற்றுத் தலைநிமிர்ந்தான். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது கடைகள் நிறைந்தன. விவசாயியின் கை தளர்ந்தது. ஒரே விதி ஒருவனுக்குத் துன்பமும் மற்றொருவனுக்கு வாழ்வுமாக அமைந்தது. தீவகத்தின் பனைகளை நம்பி வாழ்ந்தோருக்கு, வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் இனிப்பும் ஒரு போட்டியே. எனவே, தடையால் வருந்தியவர்களை மட்டும் எண்ணி, தடையால் வாழ்ந்தவர்களை மறத்தல் முறையாகாது.

அண்மைக் காலமும் இதற்குச் சான்று தரும். 2020 இல், உள்ளூர் உற்பத்தியைக் காக்குமுகமாக மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோது அதன் விலை பன்மடங்காக உயர்ந்தது. பாக்குநீரிணையினூடே மஞ்சள் மூடைகள் இரவிற் கடத்தப்பட்டன. 2022 ஓகஸ்டில், அந்நியச் செலாவணி வற்றிப்போன நிலையில், 300 இற்கு மேற்பட்ட பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. அவற்றுள் சொக்லேட்டும் ஒன்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாணயம் தேடிய நாட்டில் இனிப்புக்கு இடமில்லை என்ற அம்முடிவு குழந்தைகளுக்குக் கசந்திருக்கலாம். ஆயினும் அதன் நியாயத்தை எவரும் உணர்வர். பின்னர் அத்தடைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன.

ஈண்டுத் தீவக மக்களின் மறுப்பொன்றைச் செவிமடுத்தல் நீதியாகும். எல்லை வருமுன்னரே கடல் இருந்தது. கடலின் இருகரையிலும் உறவினர் இருந்தனர். நேற்று வரையப்பட்ட கோடு நெடுநாள் உறவைக் குற்றமாக்குதல் எங்ஙனம் என அவர்கள் கேட்பர். இதனை வெற்றுரையெனத் தள்ளிவிடல் இயலாது. 1974 இல் இந்தியாவும் இலங்கையும் கச்சதீவுபற்றி உடன்படிக்கை செய்தபோது, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்குச் செல்லலாம் என்றும், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கோராது என்றும் எழுதப்பட்டது. புனித அந்தோனியார் திருவிழாவில் இருகரை மக்களும் சந்தித்துப் பொருள்களைக் கைமாற்றிக்கொண்டதை முதியோர் அறிவர். எல்லையை வரைந்த அரசுகளே, உறவுக்கு ஒரு வாயில் வேண்டும் என்பதை அங்கே ஏற்றுக்கொண்டன.

அதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலியன தடுக்கப்பட்டன. நாட்டின் உள்ளேயே ஓர் எல்லை எழுந்தது. பிள்ளையின் படிப்பு விளக்குக்கென ஒரு போத்தல் மண்ணெண்ணெயை மறைத்துக்கொண்டுவந்த தாயை எந்த அறநூல் பழிக்கும்? அவ்விதி அவளைக் காக்க எழுந்ததன்று. அவளை வருத்த எழுந்தது. அவளுடைய பொய்யினால் எந்த மூன்றாமவரும் துன்புறவில்லை. வள்ளுவர் கூறும் குற்றமற்ற நன்மைக்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. ஆகவே, விதி என்பதனாலேயே எவ்விதியும் நம் வாய்மையைக் கோரும் உரிமை பெற்றுவிடுவதில்லை. அது எவரைக் காக்கின்றது என்ற வினாவுக்கு விடை கூறும்போதே அவ்வுரிமையைப் பெறுகின்றது.

ஆயினும் அத்தாயின் நியாயத்தை இனிப்புப் பெட்டிக்குக் கடன்வாங்குதல் தகுமா? தகாது என்பதே என் கருத்து. அவள் தேவையை மறைத்தாள். நம் பயணி மறைப்பது விருப்பத்தை. அவள் உண்மை கூறியிருப்பின் விளக்கு அணைந்திருக்கும். நம் பயணி உண்மை கூறினால் ஒரு பெட்டி குறையும், அல்லது சிறு வரி சேரும். அன்றியும், அடக்குமுறைக்கு எதிராக எழுந்த ஒரு பழக்கம் அடக்குமுறை நீங்கிய பின்னரும் தொடருமாயின், அது துணிவின் அடையாளமாக இராது தன்னலத்தின் மறைவிடமாகிவிடும்.

இங்கே அன்பளிப்பு, சரக்கு என்னும் வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். ஒரே அல்வா, ஒரே பெட்டி. பேரனுக்குக் கொடுத்தால் அன்பளிப்பு, கடைக்குக் கொடுத்தாற் சரக்கு. பொருளை எத்துணை திருப்பிப் பார்த்தாலும் வேறுபாடு அதிற் புலப்படாது. கொண்டுவருபவரின் உள்ளத்திலேயே அது உள்ளது. உள்ளத்தைத் திறந்துகாணும் கருவி எந்தச் சுங்கச் சாவடியிலும் இல்லை. எனவே பயணியின் சொல் ஒன்றே சான்று. சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் எனச் சிறிதளவு பொருளைத் தீர்வையின்றி விடுதல் பல நாடுகளின் வழக்கம். அச்சலுகை முழுவதும் அச்சொல்லின்மீதே கட்டப்பட்டது.

அன்பளிப்பென்று கூறிப் பத்துப் பொதி சரக்குக் கொண்டுவருபவர் திறைசேரியை மட்டும் ஏமாற்றுவதில்லை. அவருக்குப் பின்னே வரிசையில் நிற்கும் மூதாட்டியின் ஒரு பெட்டியையும் அவர் ஐயத்துக்கு உள்ளாக்குகிறார். அடுத்த முறை அளவு குறைக்கப்படும்; பொதிகள் அவிழ்க்கப்படும்; மெய் கூறுபவரும் பொய்யராகவே நோக்கப்படுவர். சுங்க மேசையிற் கூறப்படும் பொய்யினால் முதலிற் துன்புறும் மூன்றாமவர், நம்மைப்போலவே அன்பளிப்போடு நிற்கும் அடுத்த பயணியே. காண்டின் பொதுவிதியும் வள்ளுவரின் குற்றமற்ற நன்மையும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

கடமை ஒருபக்கத்ததன்று. நயினாதீவுக் கல்வெட்டை மீண்டும் நினைவுகூர்வோம். பங்கு இவ்வளவென்று கூறிய அரசன், வருவோர் காக்கப்படல் வேண்டும் என்றும் கூறினான். அதனை எல்லோரும் அறியக் கல்லிற் பொறித்தான். பிறநாட்டார் வரும் வழியில், தமிழிற் பொறித்தான். இன்றைய அரசுகளும் இதனைக் கற்றல் நன்று. விதி எளிய மொழியில், பயணி அறியத்தக்க இடத்தில் இருத்தல் வேண்டும். அதன் காரணம் கூறப்படல் வேண்டும். அன்பளிப்புக்கு நியாயமான அளவு விடப்படல் வேண்டும். மெய் கூறியவர் அவமதிக்கப்படலாகாது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, நெடுங்காலம் பிரிந்திருந்த கரைகள் மறுபடியும் அண்மையாயின. அவ்வழியே வரும் பொதிகளில் இனிப்பு இல்லாதிருக்குமா? அதனை வினவுபவரும் விடைகூறுபவரும் ஒருவரையொருவர் நம்பக்கூடிய நிலையை ஆக்குதலே இருசாராரின் பொறுப்பு.

எனவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இது. விதி மக்களை வருத்தவென்று எழுந்ததாயின் அதற்கு நம் வாய்மை கடன்பட்டதன்று. பிறரைக் காக்கவென்று எழுந்ததாயின், பெட்டி எத்துணைச் சிறிதாயினும், "உண்டு" என்று கூறுதலே அறம். பெட்டியை இழந்து வீடு வந்த பாட்டி, பேரனுக்கு அல்வாவைக் கொடுக்க இயலாமற்போகலாம். அதனை ஏன் இழந்தார் என்ற கதையைக் கூறலாம். வீட்டிலே பனங்கட்டி இருக்கும். அன்றைக்கு அது போதும்.