உதவும் கை எங்கே நிற்க வேண்டும்?

முதியோர் இல்லம் ஒன்றில் முதன்முறையாகப் பயிற்சிக்குச் சென்றிருக்கும் ஒரு செவிலியர் மாணவியை எண்ணிப் பாருங்கள். காலை நேரம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் குளித்து முடித்துச் சட்டைப் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருக்கிறார். நடுக்குவாதத்தால் விரல்கள் ஆடுகின்றன. ஒரு பொத்தானுக்கே இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. மாணவியின் உள்ளம் இளகுகிறது. 'விடுங்கள் ஐயா, நான் போட்டுவிடுகிறேன்' என்று அவருடைய கைகளை மெல்ல விலக்கி, அரை நிமிடத்தில் எல்லாப் பொத்தான்களையும் மாட்டிவிடுகிறாள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

அவள் செய்தது சேவையா?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல் இருந்தனர். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்தியமைத்த பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தில் முதியோர் செவிலியமும் இடம்பெற்றுள்ளது. இப்பணிக்கு வரப்போகும் இளைஞர்களின் கைகளை எதற்குப் பழக்குகிறோம் என்பது நம் அனைவருக்கும் உரிய கேள்வி.

செவிலியப் படிப்புக்கு வருவோரின் மனத்தில் பெரும்பாலும் ஒரு சித்திரம் இருக்கும். காய்ச்சல் தணியும், புண் ஆறும், நோயாளி நன்றி கூறி வீடு திரும்புவார். முதுமையில் இந்தப் பலன் பல வேளைகளில் கிட்டுவதில்லை. அப்போது இரண்டு தவறுகள் நேர இடமுண்டு. ஒன்று, 'இனிச் செய்வதற்கு என்ன இருக்கிறது?' என்னும் அலட்சியம். மற்றொன்று, எல்லாவற்றையும் நாமே செய்துவிடும் அளவு கடந்த பரிவு. முதலாவதைத் தவறென்று எவரும் கண்டுகொள்வர். இரண்டாவது நற்குணத்தின் ஆடையை அணிந்து வருவதால் எளிதில் அகப்படுவதில்லை. ஆயினும் இரண்டின் வேரும் ஒன்றே: 'இவரால் இனி ஆகாது' என்ற தீர்ப்பு.

இத்தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பதை முதியோர் மருத்துவத்தின் தொடக்க வரலாறே காட்டுகிறது. இங்கிலாந்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை 1935-இல் அருகிலிருந்த ஏழையர் மருத்துவ விடுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த 714 பேரின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரிடம் வந்தது. அவர்களுள் பலர் நெடுங்காலமாகப் படுக்கையிலேயே கிடந்த முதியோர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எழுந்து அமரவும் நடக்கவும் பயிற்சி அளிக்கச் செய்தார். தீராதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுள் பலர் எழுந்து நடந்தனர். சிலர் வீடு திரும்பினர். பயன்படுத்தாத தசை சில நாட்களிலேயே வலுவிழக்கத் தொடங்கும். ஓய்வு என்று கருதி அளிக்கப்பட்ட படுக்கையே அவர்களுடைய இயலாமையை வளர்த்திருந்தது.

1962-இல் டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயச் செவிலியரும் அவருடன் பணியாற்றியோரும், யாருக்குப் படுக்கைப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய ஓர் அளவுகோலை வெளியிட்டனர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், கழிவுக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் அது கவனிக்கச் சொல்கிறது. கை நீட்டுமுன் கண் பார்க்க வேண்டும். கூர்ந்து நோக்குவதும் கருணையின் ஒரு பகுதியே.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் ஒருபோதும் நடத்தலாகாது. அவர் தம்மளவிலேயே ஒரு நோக்கம் என்றார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட். நம் மாணவியின் செயலை இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். அவள் யாருக்காகப் பொத்தான் மாட்டினாள்? காலை உணவு மணிக்காகவும் இருக்கலாம். பிறர் தடுமாறுவதைக் காணப் பொறுக்காத தன் மனத்தின் ஆறுதலுக்காகவும் இருக்கலாம். அந்தப் பெரியவரோ அன்றைய பொழுதில் தாமே செய்யக்கூடிய ஒரு செயலை இழந்தார்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. குளிரில் நடுங்குபவரிடமும் களைத்துச் சோர்ந்தவரிடமும் 'நீங்களே செய்யுங்கள்' என்பது கொடுமை. விழுங்கச் சிரமப்படுபவரை உணவோடு தனியே விடுவது ஆபத்து. உரிய வேளையில், உரிய அளவில், உரிய விதத்தில் செய்வதே நற்குணம் என்றும், அது பழக்கத்தால் வருவது என்றும் அரிஸ்டாட்டில் கூறுவது இங்குப் பொருந்தும். நேற்று இயன்றது இன்று இயலாமற் போகலாம். மறதி நோய் முற்றிய மூதாட்டியால் சிகிச்சை பற்றி முடிவெடுக்க இயலாது. ஆனால் இரண்டு புடவைகளைக் காட்டினால், ஒன்றைத் தொட்டுக் காட்ட அவரால் இயலக்கூடும். அந்தத் தேர்வை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.

இதைப் பழக்க மூன்று பயிற்சிகள் உதவும்.

முதலாவது, பெறுபவர் நிலையில் இருந்து பார்த்தல். மாணவர்கள் கண்களைக் கட்டிக்கொண்டு, சக மாணவர் ஊட்டும் உணவை உண்ணட்டும். கரண்டி சற்று வேகமாக வந்தால் என்ன நேர்கிறது என்பதை எந்த விரிவுரையாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, கேட்டல். எல்லோரையும் 'தாத்தா', 'பாட்டி' என்று அழைக்குமுன், எப்படி அழைத்தால் அவருக்கு விருப்பம் என்று கேட்கலாம். ஒருவர் தலைமையாசிரியராக இருந்திருப்பார். மற்றொருவர் நெசவாளராக இருந்திருப்பார்.

மூன்றாவது, எழுதுதல். குறிப்பேட்டில் அவரால் இயலாதவற்றை எழுதுவதோடு, இயலுபவற்றையும் நாள்தோறும் எழுத வேண்டும்.

'ஒருவரே பல படுக்கைகளைக் கவனிக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று மாணவர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. பொறுமையைப் பாடமாக வைத்துவிட்டு, அதற்குரிய நேரத்தையும் ஆட்களையும் தராத நிர்வாகம் போலித்தனத்தையே கற்பிக்கிறது. இப்பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று.

மறுநாள் காலை அதே மாணவி அதே பெரியவரிடம் வருகிறாள் என்று கொள்வோம். சட்டையின் கையை மட்டும் சரிசெய்து கொடுத்துவிட்டு அருகில் அமர்கிறாள். அவர் இரண்டு பொத்தான்களை மாட்டுகிறார். களைத்துப்போய் அவளை நோக்குகிறார். 'போடட்டுமா ஐயா?' என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு மற்றவற்றை அவள் மாட்டுகிறாள். நேற்று அவரைக் கேளாமலே செய்தாள். இன்று கேட்டுச் செய்தாள்.

நம் இல்லங்களிலும் முதியோர் இருக்கின்றனர். 'உனக்கு எதற்கம்மா சிரமம்?' என்று கூறி, அவர்கள் கையிலிருந்து காய் நறுக்கும் கத்தியையும் கணக்கு நோட்டையும் நாம் வாங்கி வைத்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். இனி வாங்குமுன் ஒரு கணம் நின்று, அவர்களையே கேட்போம்.