ஊனமும் வினையும்

சைவாசிரியர்காள்! அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே ஊனமுற்ற குழவி பிறப்பின், "கிரகணம் பார்த்தாள்", "தாய் செய்த பாவம்" என்று சிலர் ஈன்றாளைப் பழிக்கக் கேட்கின்றோம். வினையுண்மையை நாம் மறுத்திலம். பிறர் வினையை அளக்கும் உரிமை இறைவனுக்கன்றி எமக்கில்லை என்பதே எம் கருத்து.

கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களுள் முள்ளந்தண்டு உருவாகும் குழல் மூடுகின்றது. தாய் பெரும்பாலும் அதனை அறியாள். அக்காலத்தில் ஃபோலிக் அமிலம் குறையின் அது மூடாது பிளந்து நிற்றலுங் கூடும். ஜெர்மன் சின்னமுத்து கருவைத் தாக்கின் கண், செவி, இருதயம் பழுதுறும். பிறந்தபின் வரும் இளம்பிள்ளைவாதம் காலைச் சூம்பச் செய்யும். காரணம் அறியப்படாத ஊனங்களும் பல. ஆங்குந் தாய் பழியுடையாள் அல்லள்.

1993ஆம் ஆண்டுக்குப்பின் இலங்கையில் இளம்பிள்ளைவாதம் தோன்றிற்றிலது; 1996இல் ஜெர்மன் சின்னமுத்துக்குத் தடுப்பூசி வந்தது. வினை சடம், அதனைக் கூட்டுவிப்போன் சிவன். மருந்தையுங் கூட்டுவித்தோன் அவனே. மருந்தை விலக்கி வினையைச் சாட்டுதல் திருவருளை விலக்குதலாம்.

ஆதலின், மணமாகும் பெண்களைக் கருவுறுமுன்னரே மருத்துவமாதிடம் அனுப்புவோம். லயத்தறையில் ஒளிக்கப்பட்ட பிள்ளையை நாமே சென்று பள்ளிக்கு அழைத்து வருவோம். அதுவுஞ் சிவபூசையே.

திருச்சிற்றம்பலம்.