விழாவிட்டால்

1968இல் அண்ணாவின் அரசு பரிசுச் சீட்டை ஆரம்பித்தபோது கூடவே ஒரு வாசகமும் வந்தது: ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு.’ எதுகையில் மயங்காமல் பார்த்தால் இதில் ஒரு தர்மசாஸ்திரம் ஒளிந்திருக்கிறது. தோற்றவனைப் பார்த்து, நீ தோற்கவில்லை, கொடுத்தாய் என்கிறது அது.

தொண்ணூறுகளில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஒன்றில் வேலை பார்த்தவரை எனக்குத் தெரியும். சம்பளம் வாங்கியதும் ஸ்டேஷன் பக்கம் சீட்டு வாங்குவார். எந்த மாநிலத்துச் சீட்டு என்பது பொருட்டல்ல. முடிவு பார்த்தபின் கிழித்துப் போட்டுவிட்டு, ‘நாட்டுக்குப் போச்சு’ என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொடுத்தவனின் நிறைவு இருந்ததாக நான் கண்டதில்லை.

நிறைவு எதற்கு, பணம் நல்ல காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா என்று கேட்கலாம். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் 1753இல் லாட்டரிப் பணத்தில்தான் பிறந்தது. 1813இல் கல்கத்தா டவுன் ஹால் எழும்பியதும் அப்படித்தான். கேரளம் 2011இல் துவக்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழைகளின் புற்றுநோய், சிறுநீரக, இருதய சிகிச்சைகளுக்கு என்றே ஏற்பட்டது. படுக்கையில் கிடப்பவனிடம் போய் இந்தப் பணத்தின் ரிஷிமூலத்தை விசாரிக்க எனக்குத் தைரியமில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கோவிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தவன் அதன்மேல் ‘உபயம்’ என்று தன் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறான். அசிங்கம்தான். ஆனால் அவன் கொடுக்க நினைத்துக் கொடுத்தவன். சீட்டு வாங்கியவனோ கொடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே கொடுத்தவன். அவனைப் பிற்பாடு தர்மவான் ஆக்குவது விளம்பரத்தின் வேலை. பணம் எங்கே போகிறது என்று மக்களுக்குத் தெரிவிப்பது நியாயமே. எங்கிருந்து வந்தது என்பதையும் அதே பலகையில் எழுதவேண்டும். வரி, கொள்கையளவிலாவது, வசதியைப் பார்த்து விதிக்கப்படுகிறது. லாட்டரி ஏக்கத்தைப் பார்த்து வசூலிக்கிறது.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியே அரசே எடுத்துக்கொண்டது. ஆகவே தடையை ஒழுக்கத்தின் வெற்றியாகக் கொண்டாட முடியவில்லை. தடைக்குப் பின்னும், கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துத் திருட்டுத்தனமாக ‘மூணு நம்பர்’ ஆட்டம் நடந்தது. அதில் விழாவிட்டால் நாட்டுக்கும் இல்லை. அதன் பக்கத்தில் வைத்தால் பழைய வாசகம் கௌரவமாகக்கூடத் தோன்றுகிறது.

என் சங்கடம் வேறு. கூட வேலை பார்த்தவருக்குக் கை நசுங்கியபோது அந்த ரோலிங் மில்காரர் தன் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபாய் கொடு என்று எந்த அரசும் அவரை நேராகக் கேட்டதில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார் என்று தீர்மானித்துக்கொண்டுதான் லட்சங்களைக் காட்டின. ஏழையிடம் பணத்தை எடுத்துக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம். அவனுக்குக் கொடுக்கும் மனம் இராது என்று முன்கூட்டியே முடிவு கட்டியதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.