கொடுத்தவனுக்கு உரிமை உண்டா?

கொடுப்பது கடினம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. என் அனுபவத்தில் அதைவிடக் கடினமான காரியம் ஒன்று இருக்கிறது. அது, கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. கல்யாணத்துக்கு நாம் கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு அந்த வீட்டுக் கூடத்தில் எரிகிறதா, பரணில் கிடக்கிறதா என்று போகும்போதெல்லாம் நம் கண் தேடுகிறது. நம் பணத்தில் படித்த பையன் தெருவில் நம்மைப் பார்த்தும் பாராததுபோல் போய்விட்டால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. கை கொடுத்துவிட்டது, மனசு இன்னும் கொடுக்கவில்லை.

இந்த எண்ணம் சென்ற மாதம் நான் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து முளைத்தது. ஊரிலிருந்து என் அக்காள் மகன் வந்திருந்தான். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவன்.

"அங்கே உனக்கு என்னதான் வேலை?" என்று கேட்டேன்.

"கிளவுடைப் பார்த்துக்கொள்கிற வேலை, மாமா."

"மேகத்தையா?"

அவன் சிரித்தான். மேகம் என்று பெயர்தானே தவிர, அது ஆகாயத்தில் இல்லையாம். பெரிய பெரிய கட்டடங்களில் அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்களை நிறுத்தி, அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகிள் போன்ற கம்பெனிகள் வாடகைக்கு விடுகின்றன. ஒரு வியாபாரத்துக்கு நூறு கம்ப்யூட்டர் வேண்டும், அவற்றுக்கு வாசல் வேண்டும், காவல் வேண்டும், கணக்குகளை வைக்கக் கிடங்கு வேண்டும். இவ்வளவையும் ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்தி ஏற்பாடு செய்தால் பொழுது விடிந்துவிடும், தப்பும் நேரும். ஆகவே அந்த வேலையைத் தானே செய்யும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். டெராஃபார்ம் என்று பெயர்.

அது வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணச் சமையற்காரரிடம் நாம் ஜாபிதா கொடுக்கிறோம் அல்லவா? முந்நூறு இலை, இன்னின்ன பதார்த்தம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். உக்கிராண அறையில் என்ன இருக்கிறது என்று அவரே பார்ப்பார். இருப்பதைக் கழித்து, இல்லாததைச் சொல்வார். நாம் தலையசைத்ததும் காரியத்தில் இறங்குவார். டெராஃபார்மும் அப்படியே. வேண்டியதை எழுதி வைத்தால், இருப்பதோடு ஒத்துப் பார்த்து, "இத்தனை புதிதாக வரும், இத்தனை மாறும், இத்தனை போய்விடும், சம்மதமா?" என்று கேட்கிறது. சம்மதித்தால் செய்து முடிக்கிறது.

இதைச் செய்தது ஹாஷிகார்ப் என்ற அமெரிக்கக் கம்பெனி. மிட்செல் ஹாஷிமோட்டோ, அர்மான் தாத்கர் என்ற இரண்டு இளைஞர்கள் 2012-இல் தொடங்கியது. டெராஃபார்மை 2014-இல் வெளியிட்டபோது அவர்கள் அதைப் பூட்டி வைத்து விற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று லைசென்ஸ் எழுதித் திறந்து வைத்தார்கள். தேசம் தேசமாக அதை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டவர்களில் பலர் சம்பளம் எதிர்பாராமல் அதில் கண்ட பிழைகளைத் திருத்தினார்கள். புதிது புதிதாகச் சேர்த்தும் கொடுத்தார்கள்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. 2023 ஆகஸ்டு 10-ஆம் தேதி கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி வரும் பதிப்புகளுக்கு லைசென்ஸ் வேறு. மற்றவர்கள் முன்போலவே உபயோகிக்கலாம். ஆனால் எங்களுக்குப் போட்டியாக வியாபாரம் நடத்துகிறவர்கள் இதை வைத்து நடத்தக் கூடாது. ஒவ்வொரு பதிப்பும் நாலு வருஷம் கழித்துப் பழைய லைசென்சுக்குத் திரும்பும்.

நமக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். கோடை காலத்தில் ஒருவர் நெடுஞ்சாலையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார். வழிப்போக்கர்கள் குடித்துவிட்டு வாழ்த்திப் போகிறார்கள். சிலர் தாங்களும் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அடுத்தாற்போல் ஒருவன் கடை போட்டு, அதே தண்ணீரை மொண்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து விற்கத் தொடங்குகிறான். பந்தல்காரருக்குக் கோபம் வருகிறது. "குடிக்க வருகிறவர்கள் வரலாம்; விற்க வருகிறவன் வரக்கூடாது" என்று பலகை எழுதி மாட்டுகிறார். நாலு வருஷம் கழித்து அவனும் மொண்டுகொள்ளலாமாம்! நாலு வருஷத்து மோரை யார் குடிப்பார்கள்?

"இது அநியாயம் அல்லவா?" என்றேன் நான். "தர்மம் என்று சொல்லி வைத்த பந்தலில் பாதியில் பலகை மாட்டலாமா? குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்களே, அவர்கள் இந்தப் பலகைக்காகவா ஊற்றினார்கள்?"

"மாமா, பந்தல்காரர் பக்கமும் இருக்கிறது" என்றான் பையன். "பானை வாங்கியவர் அவர். ஆள் வைத்து விடிய விடியத் தண்ணீர் இறைத்தவர் அவர். கடைக்காரன் லாபத்தில் ஒரு குடமாவது திருப்பி ஊற்றினானா என்பதுதான் அவர் கேட்கிற கேள்வி. ஊற்றிய மற்றவர்களும் கம்பெனி கேட்ட சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் ஊற்றினார்கள். சட்டப்படி அவர் செய்ததில் தப்பு இல்லை."

எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. வியாபாரத்துக்கு என்று பிறந்த கம்பெனி சம்பளம் கொடுக்க வேண்டாமா? 2021 டிசம்பரில் பங்குச் சந்தையில் பெயர் எழுதிக்கொண்ட கம்பெனி அது. பங்கு வாங்கியவர்களுக்கும் அது அப்போது ஜவாப்தாரியாக இருந்தது. பசித்தவன் தர்மத்தை மறந்தால் அவனை மட்டும் குற்றம் சொல்வது எளிது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், அதை நம்பியிருந்த பலர் ஒன்றுகூடி, பழைய லைசென்சுக்கே திரும்பும்படி பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார்கள். கம்பெனி திரும்பவில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அதற்கு முன் பழைய லைசென்சின் கீழ் வெளியாகியிருந்த டெராஃபார்மை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தனியே ஒரு கிளை வளர்த்தார்கள். முதலில் கொடுத்த லைசென்சைத் திரும்பப் பெற முடியாது. இன்றையப் பானைக்கு நிபந்தனை போடலாம். நேற்று ஊற்றிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியில்லை. 2023 செப்டம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது ஸ்தாபனம் அந்தக் கிளையை ஏற்றுக்கொண்டது. ஓப்பன்டோஃபு என்று பெயரிட்டார்கள். டோஃபு என்றால் சோயாப் பாலில் செய்கிற கட்டியாம்; பெயர் வைப்பதில் அவர்கள் கொஞ்சம் விளையாட்டுக்காரர்கள் போலிருக்கிறது. 2024 ஜனவரியில் அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது.

2024 ஏப்ரலில் ஐ.பி.எம். கம்பெனி 640 கோடி டாலருக்கு ஹாஷிகார்ப்பையே வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் கிரயம் முடிந்தது. இதைக் கேட்டதும்தான் என் மனத்தில் இருந்த குழப்பம் தெளிந்தது.

கொடுத்தவன் நல்லவன்தான். ஆனால் நல்லவன் மனசும் மாறும். அவன் கஷ்டத்துக்கு வருவான், கோபத்துக்கு வருவான், ஒருநாள் பந்தலையும் பானையையும் விற்றுவிட்டு வேறு வீட்டுக்குப் போவான். கொடை அவன் மனசை நம்பி நின்றால், மனசோடு அதுவும் கிரயமாகிவிடும். 2014-இல் அந்த இளைஞர்கள் எழுதிய லைசென்ஸ் எத்தகையது என்று யோசித்துப் பாருங்கள். தாராளமாக இருந்த நேரத்தில், பின்னால் வரப்போகும் தாராளமற்ற தங்களையே அவர்கள் கட்டிப் போட்டுவிட்டார்கள். மனம் மாறியபோது அவர்களால் வருங்காலத்தைத்தான் பூட்ட முடிந்தது. கொடுத்ததைத் தொட முடியவில்லை. கொடுத்தவனிடமிருந்தே காப்பாற்றப்பட்ட கொடைதான் கொடை. மற்றதெல்லாம் இரவல்.

இதைப் பையனிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு மெதுவாக, "மாமா, நீங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுகிறீர்களே, அந்தக் கருவி யார் செய்தது?" என்றான்.

"தெரியாது. யாரோ இலவசமாகக் கொடுத்தது. ஏழெட்டு வருஷமாக அதில்தான் எழுதுகிறேன்."

"ஏதாவது பணம் அனுப்பினீர்களா?"

"இல்லை."

"பிழை ஏதாவது இருந்தால் எழுதித் தெரிவித்ததுண்டா?"

"ஒற்றெழுத்து சில சமயம் இரட்டையாக விழும். அப்போது அவரைத் திட்டியிருக்கிறேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எலுமிச்சம்பழக் கடைக்காரனை அவ்வளவு நேரம் நான் ஏசிக்கொண்டிருந்தேன். இரண்டு நாவல்களை அந்தத் தண்ணீரில் கரைத்து விற்றவன் நான்!

கொடுத்தவன் பலகை மாட்டலாமா என்று கேட்கிறோம். பலகை மாட்டும் நிலைமைக்கு அவனை யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்பதில்லை. பந்தலில் ஆயிரம் பேர் குடிக்கிறார்கள். குடம் தூக்குகிறவர்கள் சிலரே. கொடையைத் திரும்பக் கேட்கக் கொடுத்தவனுக்கு உரிமை இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆனால் அந்த நியாயத்தைப் பேச வேண்டுமானால் குடித்தவன் கையில் ஒரு செம்புத் தண்ணீராவது இருக்க வேண்டும். ஓப்பன்டோஃபுக்காரர்கள் அதைச் செய்தார்கள். கோபித்துக்கொண்டதோடு நிற்காமல், தண்ணீர் இறைக்கிற வேலையையும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பேச உரிமை உண்டு. எனக்கு அதுவரை இல்லை.

அன்று இரவே அந்தத் தமிழ்க் கருவியைச் செய்தவரின் விலாசத்தைப் பையனைக்கொண்டு தேடிப் பிடித்து, ஒற்றெழுத்துப் பிழை எப்போது விழுகிறது, எப்படி விழுகிறது என்று விவரமாக எழுதினேன். என்னால் ஆன ஒரு சிறு தொகையும் அனுப்பினேன்.

மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் எழுந்ததும் அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறதா, ஒரு வார்த்தை நன்றி எழுதியிருக்கிறாரா என்று திறந்து பார்க்கிறேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது கடினம் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?