என்ன குறை வெச்சோம்?

நல்ல முதலாளி என்று யாரைச் சொல்வீர்கள்?

ஒண்ணாம் தேதி சம்பளம் போடுகிறவர். உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்புகிறவர். கை நீட்டாதவர். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறவர். சரிதானே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பி.காம். படித்தவன். வரவு இந்தப் பக்கம், செலவு அந்தப் பக்கம் எழுதிக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள்.

நேராகாத ஒரு கணக்கை இங்கிலாந்தில், ஒரு பழைய பஞ்சாலையில் பார்த்தேன். அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஸ்கூல் டூர் வந்திருந்த ஒரு சின்னப் பெண்.

மான்செஸ்டரில் என் சித்தி பையன் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன்னால் அவன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். "புட்பால் ஸ்டேடியம் பாக்கறியாண்ணே, இல்ல பழைய பஞ்சாலை ஒண்ணு இருக்கு, அதப் பாக்கறியா?" என்றான். கோயமுத்தூரில் பார்க்காத பஞ்சாலையா என்று முதலில் தோன்றியது. ஸ்டேடியம் டிக்கெட் விலையைக் கேட்டதும் பஞ்சாலைக்கே போகலாம் என்று தோன்றிவிட்டது.

ஆலையின் பெயர் குவாரி பேங்க் மில். செஷயர் பகுதியில் ஸ்டையல் என்கிற கிராமத்தில், பொல்லின் என்கிற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது. 1784-ல் சாமுவேல் கிரெக் என்ற வியாபாரி கட்டியது. ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் மெஷின்களைச் சுற்றும். 1939-ல் கிரெக் குடும்பம் இதை 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பிடம் கொடுத்துவிட்டது. 1959-ல் உற்பத்தி நின்று, பிறகு மியூசியம் ஆனது. மான்செஸ்டர் ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் தலைக்கு மேல் விமானங்கள் போய்க்கொண்டே இருக்கும். கீழே இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்.

இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஆலையின் வேலையில் பெரும்பங்கைச் செய்தவர்களே பிள்ளைகள்தான்.

மில்லிலிருந்து கொஞ்சம் மேடேறினால் வெள்ளையடித்த வீடு ஒன்று. 'அப்ரண்டிஸ் ஹவுஸ்' என்று பெயர். 1790-ல் கட்டியது. அந்தக் காலத்து இங்கிலாந்தில், கதியற்ற ஏழைகளை வைத்துப் பராமரிக்க 'ஒர்க்ஹவுஸ்' என்று ஒன்று இருந்தது. செலவு உள்ளூர் வரிப்பணத்தில். அங்கே இருந்த பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதி ஆலைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்குச் செலவு மிச்சம். முதலாளிக்கு ஆள் கிடைத்தது. பிள்ளைக்குச் சோறு கிடைத்தது. மூன்று பேருக்கும் லாபம் என்று சொன்னார்கள்.

கூட்டம் அதிகமாக இருந்த காலத்தில் இந்த ஒரு வீட்டில் சுமார் 90 பிள்ளைகள். பெண் பிள்ளைகள்தான் அதிகம். ஒன்பது, பத்து வயதில் வந்தவர்கள் உண்டு. வாரத்தில் ஆறு நாள், தினம் பன்னிரண்டு மணி நேர வேலை. சம்பளம் என்று கிடையாது. சாப்பாடு, துணி, படுக்கை. கூடுதல் நேரம் பார்த்தால் கொஞ்சம் சில்லறை.

நான் போன அன்று ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்திருந்தது. முப்பது பிள்ளைகள் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் நாலாங்கிளாஸ், ஐந்தாங்கிளாஸ். தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் ஏப்ரன் என்று அந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி வேஷம் போட்டிருந்தார்கள். ஒரே குஷி. வைக்கோல் மெத்தையைக் காட்டி, "ஒரு படுக்கையில் இரண்டு பேர்" என்று கைடு சொன்னதும் சிரிப்பு. வைத்தியத்துக்கு அட்டைப்பூச்சி விடுவார்கள் என்றதும் 'யக்' என்று ஒரு கூச்சல். மில்லுக்குள் மெஷினை ஓடவிட்டபோது எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஓடும் மெஷினுக்கு அடியில் புகுந்து பஞ்சுக் கழிவைப் பொறுக்குவது சின்னப் பிள்ளைகளின் வேலை என்று கைடு விளக்கினார். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

கைடு நியாயமானவர். முதலாளியின் நல்ல பக்கத்தையும் சொன்னார். கிரெக் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டாக்டர் வைத்திருந்தார். பீட்டர் ஹாலண்ட் என்று பெயர். ஆலைத் தொழிலாளர்களுக்கு என்று டாக்டர் வைப்பது அந்தக் காலத்தில் அதிசயம். முதலாளியின் மனைவி ஹன்னா, பிள்ளைகள் எழுதப் படிக்க ஏற்பாடு செய்தார். தோட்டத்துக் காய்கறி, பால் கஞ்சி, உருளைக்கிழங்கு என்று சாப்பாடு. மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்: "நீங்களாக இருந்தால் எங்கே இருந்திருப்பீர்கள்? ஒர்க்ஹவுஸிலா, இங்கேயா?"

நிறைய கைகள் 'இங்கே'வுக்கு உயர்ந்தன. என் கையும் மனசுக்குள் உயர்ந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள். கண்ணாடி போட்டிருந்தாள், தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "லீவுக்கு அவங்களை வீட்டுக்கு விடுவாங்களா?"

கைடு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, 1806-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

ஜோசப் செஃப்டனுக்கு 17 வயது. தாமஸ் ப்ரீஸ்ட்லிக்கு 13. இரண்டு பேரும் லண்டனில் ஹேக்னி ஒர்க்ஹவுஸிலிருந்து வந்தவர்கள். அந்த வருஷம் கோடையில் இரண்டு பேரும் ஓடிப்போனார்கள். லண்டன் அங்கிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். பிடித்துக்கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அவர்கள் சொன்ன வாக்குமூலம் எழுத்தில் இருக்கிறது. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று சொல்லியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? சாப்பாடு என்னென்ன என்று வரிசையாகச் சொல்கிறார்கள். படுக்கை சுத்தமாக இருந்தது என்கிறார்கள். முதலாளி மேல் புகார் இல்லை என்கிறான் ஜோசப். தாமஸுக்கு மெஷினில் சிக்கி ஒரு விரல் போயிருந்தது. அதைக்கூடப் பெரிய குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

அப்புறம் ஏன் ஓடினார்கள்?

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடிப் பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு கிரெக்கின் கணக்குப் புத்தகம்தான் கண்ணில் வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு வரி, துணிக்கு ஒரு வரி, டாக்டருக்கு ஒரு வரி. அவர் எதையும் ஏமாற்றவில்லை. ஆனால், 'அம்மா' என்று ஒரு தலைப்பு அந்தப் புத்தகத்தில் கிடையாது. ஓடிப்போனால் மட்டும் வரவு வைப்பார்கள். ஓடிப்போன பிள்ளை, இழந்த நேரத்தைக் கூடுதல் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டொமினிக்கா தீவில் அடிமைகள் வேலை செய்த தோட்டமும் இதே கிரெக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஆலைக்கு வந்த பஞ்சிலும் அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது உண்டு. கண்ணெதிரே இருந்த பிள்ளைகளுக்கு டாக்டர் வைத்தவருக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொத்துப் பட்டியலில் ஒரு வரி. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சுலபம். 'நான் அப்படி இல்லை' என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். அவர் நல்லவர் என்பதில்தான் நமக்குச் சங்கடம்.

கிளம்பும்போது டீச்சர் பிள்ளைகளிடம், "நீங்க எவ்வளவு அதிர்ஷ்டசாலிங்கன்னு இப்ப புரியுதா?" என்றார். எல்லா ஊர் டீச்சரும் சொல்வதுதான். என் மகளை அழைத்துப் போயிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் யோசித்தால், இந்தப் பாடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. முந்நூறு வருஷமோ இருநூறு வருஷமோ முன்னால் நடந்த கஷ்டத்தைக் காட்டி, 'நீ தப்பித்தாய்' என்று சொல்லி அனுப்புகிறோம். பிள்ளை நிம்மதியாக பஸ் ஏறிவிடும். 'ஒர்க்ஹவுஸா, மில்லா' என்கிற கேள்வியிலும் அதே ஓட்டை. இரண்டில் எது தேவலை என்று கேட்டுவிட்டால், இரண்டும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றாது.

இந்த வித்தையில் நாமும் தேர்ந்தவர்கள். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

1990 வாக்கில் நாங்கள் திருச்சியில் இருந்தோம். நான் ஆறாங்கிளாஸ். வீட்டு வேலைக்கு ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் என் வயசுதான் இருக்கும். துறையூர்ப் பக்கம் ஏதோ கிராமம். அவள் அப்பா மாசம் ஒரு தடவை வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போவார். என் அம்மா அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எங்களுக்கு என்ன சாப்பாடோ அதேதான் அவளுக்கும். தீபாவளிக்கு என் தங்கைக்கு எடுத்த அதே துணியில் அவளுக்கும் பாவாடை தைத்தார்கள். சாயங்காலம் உட்கார வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கொண்டுவந்து விட்டபோது அவள் அம்மா, "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை. அதனால் அந்தப் பெண் எல்லா ஞாயிறும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இன்னிக்கு துறையூர் பஸ் ஓடல" என்று நான் ஒரு தடவை விளையாட்டுக்குச் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு, "இன்னிக்கு ஓடுதா?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"இங்க உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று அம்மா கேட்பார்கள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

"ஒண்ணுமில்லம்மா" என்பாள். கேட்டை விட்டுக் கை எடுக்க மாட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அவள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவள் பேச்சு வந்தால், "நம்ம வீட்ல இருந்த வரைக்கும் நல்லா இருந்தா" என்றுதான் முடியும். அவள் ஊரில் இருந்தால் பட்டினி, இங்கே மூன்று வேளை சாப்பாடு. ஒர்க்ஹவுஸா, மில்லா? அதே கேள்வி, அதே பதில்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10 முதல் அமலுக்கு வந்தது. சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம் பெண்களை ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்கிய கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். அதுவரை வெளியே போய்வரக் கட்டுப்பாடு. அதற்கும் ஆதரவாகச் சொல்லப்பட்ட பதில் என்ன? "ஊர்ல இருந்தா இதுகூடக் கிடைக்காதே."

நம் பள்ளிக்கூடங்களும் டூர் போகின்றன. பெரும்பாலும் தீம் பார்க். கொஞ்சம் மெனக்கெட்டால் பிஸ்கட் கம்பெனி, ஊட்டியில் டீ ஃபேக்டரி. அங்கே இலை எப்படித் தூளாகிறது என்று மெஷின் மெஷினாகக் காட்டுவார்கள். நல்ல விஷயம். அடுத்த தடவை சர்க்குலர் வந்தால், பணத்தைக் கட்டுவதோடு பிள்ளையிடம் ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்புங்கள். 'இங்க வேலை பாக்கறவங்க எங்க தங்குவாங்க? அவங்க நெனச்சா வீட்டுக்குப் போக முடியுமா?' கைடு தடுமாறுவார். தடுமாறட்டும். இன்றைய 'அப்ரண்டிஸ் ஹவுஸ்' எங்கே இருக்கிறது என்று தேட, ஒரு பிள்ளைக்கு இந்தக் கேள்வி போதும்.

ஊர் திரும்பியதும் இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். 300 கிலோமீட்டர், அம்மாவைப் பார்க்கணும் என்ற இடம் வந்தபோது அவங்க பூத்தொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. யாரை நினைக்கிறாங்க என்று எனக்குத் தெரிந்தது. நான் பெயரைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே சொன்னாங்க.

"துறையூர் என்ன, ஒரு மணி நேரம்தானேடா. ஒரு ஞாயித்துக்கிழம நானே கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்."