பல்வலியும் வருமான வரம்பும்

கனடாவில் ஒருவர் நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போனால், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்வரை டாக்டருக்கோ படுக்கைக்கோ ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. அவர் கோடீஸ்வரரா, கூலித் தொழிலாளியா என்று யாரும் கேட்பதும் இல்லை. அதே மனிதருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கினால் கதை வேறு. அவசரப் பிரிவில் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்து, “பல் டாக்டரைப் போய்ப் பாருங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள். பல் டாக்டரிடம் போனால் பில் வரும்.

வாயை உடம்பிலிருந்து பிரித்தது சட்டம்தான். 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம், மருத்துவமனையில் வைத்தே செய்தாக வேண்டிய பல் அறுவை சிகிச்சையை மட்டும் பொதுக் காப்பீட்டுக்குள் சேர்த்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1964இல், நீதிபதி எம்மெட் ஹால் தலைமையிலான ஆணையம் குழந்தைகளுக்காவது பல் சிகிச்சைத் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை தேசிய அளவில் நடைமுறைக்கு வரவில்லை. பல் சிகிச்சை முதலாளிகள் தரும் காப்பீட்டின் பொறுப்பாயிற்று. நல்ல வேலை கிடைத்தவருக்கு நல்ல பல் என்றாயிற்று. நாட்டில் மூன்றில் ஒருவருக்குப் பல் காப்பீடு இல்லாத நிலை இருந்தது. செலவுக்குப் பயந்து பல் டாக்டரிடம் போகவில்லை என்று 2022இல் நாலில் ஒருவர் சொன்னார்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கனடா பல் பராமரிப்புத் திட்டம். 2022 மார்ச்சில், அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் சிறுபான்மை அரசுக்கும் ஜக்மீத் சிங்கின் புதிய ஜனநாயகக் கட்சிக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில் இது பிறந்தது. 2023 பட்ஜெட் ஐந்தாண்டுகளுக்கு 1,300 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த டிசம்பரில் 87 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் முதலில் விண்ணப்பம் வாங்கினார்கள். 2024 மே மாதம் சிகிச்சை தொடங்கியது. 2025 ஜூனில் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கும் வந்து சேர்ந்தது. பல்செட் கட்டக் காசில்லாமல் கஞ்சியும் சூப்புமாகக் காலம் தள்ளிய முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே நுழைய ஒரு வரம்பு உண்டு. குடும்பத்தின் ஆண்டு நிகர வருமானம் 90,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். 70,000க்குக் கீழே என்றால், திட்டம் நிர்ணயித்த கட்டணம் முழுவதையும் அரசே தரும். 70,000 முதல் 79,999 வரை என்றால் நோயாளி 40 சதவீதம் கட்ட வேண்டும். 80,000 முதல் 89,999 வரை என்றால் 60 சதவீதம். 90,000ஐத் தொட்டால் எதுவும் இல்லை. வேறு பல் காப்பீடு கிடைக்கும் நிலையிலும் இருக்கக் கூடாது. டாக்டர் கேட்கும் கட்டணம் அரசு நிர்ணயித்ததைவிட அதிகமென்றால், அந்த வித்தியாசத்தை ஏழையும் தன் கையிலிருந்துதான் தர வேண்டும்.

நோய்க்கு மருந்து கொடுக்க வருமானம் பார்ப்பது அறமா?

பார்க்கத்தான் வேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அரசின் பணத்துக்கு அளவு உண்டு. எல்லோருக்கும் என்று திறந்துவிட்டால், இன்று முதலாளிகள் கட்டும் பணத்தில் பெரும்பகுதியை வரி செலுத்துவோர் கட்ட நேரும். வங்கி மேலாளரின் பல்லைச் சுத்தம் செய்யும் செலவும், துப்புரவுத் தொழிலாளியின் சொத்தைப் பல்லைப் பிடுங்கும் செலவும் ஒரே வரிசையில் நிற்கும். பிரிட்டன் 1948இல் பல் சிகிச்சையை எல்லோருக்கும் இலவசமாக்கியபோது, பல்செட் கேட்டு வந்த கூட்டத்தில் கணக்கெல்லாம் தவறிப்போனது. மூன்றே ஆண்டுகளில், 1951இல், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் அறிவித்தார்கள். அதை எதிர்த்து, அந்தச் சுகாதாரத் திட்டத்தைக் கட்டியெழுப்பிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். அவருடைய கோபம் நியாயமானது. கஜானாவின் நெருக்கடியும் பொய்யல்ல. பணம் குறைவாக இருக்கும்போது அதிகம் வலிக்கிறவரை முதலில் கவனிப்பதில் தவறில்லை. அந்த அளவில் வருமான வரம்பை ஏற்கலாம்.

ஆனால் வரம்பு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட உடனே அடுத்த கேள்வி எழுகிறது: அந்தக் கோட்டை எப்படிப் போடுவது? கனடாவின் கோடு தடுமாறுவது இங்கேதான்.

வரிப் படிவத்தின் 23600ஆம் வரியில் நிகர வருமானம் வரும். கணவன் மனைவி இருவரின் தொகையையும் கூட்டி, சில சிறு திருத்தங்கள் செய்தால் குடும்ப வருமானம் கிடைக்கும். அந்த வருமானத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வியே கணக்கில் இல்லை. தனியாக வாழ்ந்து 69,000 டாலர் சம்பாதிப்பவர் பங்குத் தொகை ஏதும் கட்ட வேண்டாம். மூன்று குழந்தைகளோடு இருவருமாக 91,000 சம்பாதிக்கும் தம்பதிக்குக் கதவு சாத்தியிருக்கும். ஆளுக்கு 50,000 சம்பாதிக்கும் இருவர் தனித்தனியே இருக்கும்வரை முழு உதவிக்கும் தகுதி உண்டு. திருமணம் செய்துகொண்டால், அல்லது ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தால், இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. அவர்களின் பல்லும் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை.

அதே 23600ஆம் வரியில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் போடும் பணம் நிகர வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 95,000 சம்பாதிப்பவர் 6,000 டாலரை அங்கே போட்டுவிட்டால் அவருடைய எண் 89,000 ஆகிவிடும், திட்டத்துக்குள் வந்துவிடுவார். சேமிக்க முடிந்தவருக்கு இது வழி. வாடகையும் மளிகையும் போக மிச்சமே இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி கிடையாது. தேவை உள்ளவரைத் தேடிப் போட்ட கோடு, தேவை குறைந்தவருக்கு வளைந்து கொடுப்பதை நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

வேலையிடத்துக் காப்பீட்டு விதி இதைவிடக் கடுமையானது. 2023ஆம் வரியாண்டு முதல், முதலாளி தரும் டி4 படிவத்தில் 45ஆம் கட்டம் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. தொழிலாளிக்குப் பல் காப்பீடு கிடைக்குமா, குடும்பத்துக்கும் சேர்த்தா என்பதை 1 முதல் 5 வரையுள்ள எண்ணில் ஒன்றைப் போட்டுத் தெரிவிக்க வேண்டும். எண் 1 என்றால் காப்பீடு இல்லை. காப்பீடு இருக்கிறது என்றால் அது எவ்வளவு தரும் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. ஆண்டுக்குச் சில நூறு டாலர் மட்டுமே தரும் அரைகுறைக் காப்பீடும் காப்பீடுதான். பிரீமியம் கட்ட முடியாமல் வேண்டாம் என்று சொன்னவரும் பெரும்பாலும் காப்பீடு உள்ளவர்தான். ஆக, 35,000 டாலர் வாங்கும் தொழிற்சாலைத் தொழிலாளி வெளியே நிற்க, காப்பீடு இல்லாத 85,000 டாலர்க்காரர் 40 சதவீத உதவி பெறலாம்.

காலத்திலும் இடறல் இருக்கிறது. ஜூலை முதல் அடுத்த ஜூன் வரையான தகுதி, முந்தைய ஆண்டின் வருமானத்தைப் பொறுத்தது. 2025 இலையுதிர் காலத்தில் வேலை போனவருக்கு பெரும்பாலும் காப்பீடும் போய்விடும். ஆனால் 2024இல் நன்றாகச் சம்பாதித்திருந்தால் 2026 ஜூன் முடியும்வரை அவர் வசதி படைத்தவர்தான். அதுவரை சொத்தை காத்திருக்குமா? இன்று அடைத்துவிட்டால் முடிந்துபோகும் பல்லுக்கு அப்போது வேர் சிகிச்சை தேவைப்படும், அல்லது பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தில் இந்தத் திட்டத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். டொரன்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் பிள்ளைகளோடு வாழும் ஈழத் தமிழ் முதியவர்கள் ஏராளம். மகனுடைய வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தாயின் தகுதியைக் கணக்கிடும்போது மகனின் சம்பளத்தை அரசு சேர்ப்பதில்லை. வசதியான வீட்டில் இருப்பவருக்கு ஏன் உதவி என்று சிலர் முணுமுணுக்கலாம். ஆனால் ஆயுள் முழுக்கப் பிறருக்குச் சமைத்துப்போட்ட ஒரு தாய், தனக்கொரு பல்செட் வேண்டும் என்று மகனிடமும் மருமகளிடமும் தயங்கித் தயங்கிக் கேட்காமல் தன் பெயரில் வந்த அட்டையோடு பல் டாக்டரிடம் போவது பெரிய விஷயம். அந்த மரியாதைக்குச் செலவாகும் பணம் வீணல்ல.

மேலே சொன்ன குறைகளைத் தீர்க்கக் குடும்ப அளவைப் பார்ப்பதும் உதவியைப் படிப்படியாகக் குறைப்பதும் நிர்வாகத்துக்குச் சிக்கல் என்ற பதிலை ஏற்க முடியாது. கனடா வருவாய் முகமை 2016 ஜூலையிலிருந்து குழந்தைகள் உதவித்தொகையை அப்படித்தான் கணக்கிடுகிறது. குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. வருமானம் ஏற ஏறத் தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. பல்லுக்கு மட்டும் 89,999இல் பாதிக்குச் சற்றுக் குறைவான உதவி, ஒரு டாலர் கூடினால் பூஜ்யம். இந்த 90,000 என்ற எண்ணும் 2022இல் குழந்தைகளுக்கான இடைக்கால உதவிக்கு வைத்த அதே எண். விலைவாசி ஏறிய பிறகு, 2025இல் திட்டம் எல்லா வயதினருக்கும் விரிந்தபோதும் மாறவில்லை. விலைவாசியை ஈடுகட்டச் சம்பளத்தில் கிடைத்த சிறு உயர்வே ஒரு குடும்பத்தை வரம்புக்கு வெளியே தள்ளிவிடலாம்.

குழந்தைகளின் விஷயத்தில் எந்த வரம்புக்கும் நியாயம் தேடுவது கடினம். எட்டு வயதுச் சிறுமி எந்த வேலையையும் தேர்ந்தெடுக்கவில்லை. அப்பாவின் டி4 படிவத்தில் விழுந்த எண்ணுக்கு அவள் பொறுப்பல்ல. இந்த உண்மையை உணர்ந்த முன்னுதாரணம் கனடாவிலேயே உண்டு. 1974இல் சஸ்காச்சுவான் மாகாணம் பயிற்சி பெற்ற பல் செவிலியரைப் பள்ளிக்கூடங்களுக்கே அனுப்பியது. அவர்கள் அங்கேயே நாற்காலி போட்டுப் பல்லைப் பார்த்தார்கள், சொத்தையை அடைத்தார்கள். பெற்றோரின் வருமானத்தை யாரும் கேட்கவில்லை. 1987இல் மாகாணத்தில் ஆட்சியில் இருந்த அரசு அந்தத் திட்டத்தைக் கலைத்தது. வருமானக் கோட்டை வயது வந்தோருக்கு வைத்துக்கொள்வதானாலும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை நீக்கிவிட்டு, அந்த நாற்காலிகளை மறுபடி பள்ளிகளில் போடுவதற்கு ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.